நவாஹோ கைநெசவு விரிப்பை அறிந்து வாங்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கடையில், ‘நவாஹோ’ என்று எழுதிய அட்டை தொங்கிய கம்பளி விரிப்பு ஒன்றைக் கண்டு மயங்கி, அதிகம் யோசிக்காமல் வாங்கிவந்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்த என் பெரியம்மா காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். அவர் சிவப்பும் கறுப்புமான அந்தப் படிக்கட்டுக் கோலங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விரிப்பைத் திருப்பிப் போட்டு, இரு முனைகளிலும் தொங்கிய குஞ்சத்தை விரலால் நீவி, “பாவை அறுத்து முடிச்சுப் போட்டிருக்கிறது, மிதி வைத்த தறியில் நெய்தது” என்று மட்டும் சொன்னார். (பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்; அதன் குறுக்கே செல்லும் நூல் ஊடை.) நவாஹோ என்ற சொல்லையே அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். பிறகு நான் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, பொடி எழுத்தில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று இருந்தது.

அந்த விரிப்பில் நெசவுக் குறை எதுவும் இல்லை. பெயரில்தான் பொய் இருந்தது. அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் கோலங்களை நகலெடுத்து வட இந்தியாவிலும் மெக்சிகோவிலும் நெய்யப்படும் விரிப்புகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. பிள்ளைகளைப் பார்க்க அரிசோனாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் போய்வரும் சென்னைக் குடும்பங்கள் இன்று பெருகிவிட்டதால், அசலை அறிந்து வாங்குவதற்கு வேண்டியவற்றை, நான் பட்டும் கேட்டும் தெரிந்துகொண்ட அளவில், இங்கே எழுதுகிறேன்.

தறியைப் புரிந்துகொள்வது

நவாஹோ மக்கள் தங்களை ‘டினே’ என்று அழைத்துக்கொள்கிறார்கள்; ‘மக்கள்’ என்பதே அதன் பொருள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்துள்ள அவர்களது தன்னாட்சிப் பகுதியான ‘நவாஹோ நாட்டின்’ தலைநகரம் விண்டோ ராக். நெசவைத் தங்களுக்குக் கற்றுத் தந்தவள் சிலந்திப் பெண் என்பது அவர்களது நம்பிக்கை. கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 800 அடி உயரத்துக்கு ஒற்றைத் தூணாக நிற்கும் பாறை அவளது இருப்பிடம் என்கிறார்கள். வரலாற்று ஆய்வாளர்கள், அண்டையில் வாழ்ந்த புவெப்லோ மக்களிடமிருந்து 17ஆம் நூற்றாண்டில் இவர்கள் நெசவைக் கற்றதாகச் சொல்கிறார்கள். கம்பளி தந்த சுர்ரோ செம்மறியாடுகள் ஸ்பானியர்களோடு வந்தவை. அந்த ஆட்டின் மயிர் நீளமானது, எண்ணெய்ப் பசை குறைந்தது. தண்ணீர் அரிதான பாலை நிலத்தில் அதிகம் அலசாமலே நூற்கத் தக்கது.

தறி மிக எளிமையானது, ஆனால் நாம் அறிந்த குழித்தறியிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. இரண்டு கால்களை நிறுத்தி, மேலும் கீழும் குறுக்குச் சட்டங்களைக் கட்டி, பாவை நெட்டுக்குத்தாக நிறுத்துகிறார்கள். நெய்பவர் தரையில் அமர்ந்து, கீழிருந்து மேலாக நெய்துகொண்டு போகிறார். மிதி கிடையாது, ஊடை நூலை ஏந்தி ஓடும் நாடாவும் கிடையாது. அகலமான மரப்பட்டை ஒன்றைச் செருகிப் பாவைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்து ஊடை நூலையும் விரலாலேயே அதனதன் இடத்தில் செலுத்தி, மரச்சீப்பால் அடித்து இறுக்குகிறார். ஊடை அவ்வளவு நெருக்கமாக அமர்வதால் பாவு வெளியே தெரிவதே இல்லை. நாம் பார்க்கும் நிறம் முழுவதும் ஊடையின் நிறம்தான்.

வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டியது பாவு ஏற்றும் விதத்தை. நம் ஊரில் நீண்ட பாவை ஏற்றி, ஒரு சேலை முடிந்ததும் அறுத்து எடுத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறோம். நவாஹோ தறியிலோ ஒரு விரிப்புக்கு ஒரு பாவு. அந்தப் பாவும் அறுபடாத ஒரே நூல். இரண்டு கழிகளுக்கு இடையே அந்த நூலை எட்டு என்ற எண்ணின் வடிவில் சுற்றிச் சுற்றி, விரிப்பு எத்தனை நீளமோ அத்தனை நீளத்துக்கே கட்டிவிடுகிறார்கள். ஆகவே நெய்து முடிக்கும்போது அறுக்க எதுவும் இருக்காது. நான்கு பக்கமும் மூடிய ஓரமாகவே இறங்கும். கடைசி ஓரிரு அங்குலம் வரும்போது பாவுக்கு இடையே விரல் நுழையாது என்பதால், பழைய குடைக்கம்பியை ஊசிபோலப் பயன்படுத்தி ஒவ்வொரு இழையாகக் கோத்து முடிப்பவர்கள் உண்டு. குடைக்கம்பிக்கு இப்படி ஒரு மறுவாழ்வு இருப்பதை அறிந்தபோது, நம் வீட்டுப் பரணில் கிடக்கும் உடைந்த குடைகளின்மீது எனக்கே மரியாதை வந்தது.

ஓரத்தில் தொடங்குங்கள்

விரிப்பைக் கையில் எடுத்ததும் கோலத்தைப் பார்க்காமல் மேல் கீழ் முனைகளைப் பாருங்கள். அசல் விரிப்பில் பாவு நூல் முனையில் வளைந்து திரும்பி உள்ளேயே போகும். அந்த வளைவுகளைப் பிணைத்தபடி முறுக்கிய கயிறு ஒன்று முனை நெடுகச் செல்லும். பக்க ஓரங்களிலும் இத்தகைய கயிறுகள் ஊடையோடு பின்னப்பட்டிருப்பது வழக்கம். அவை நான்கு மூலைகளிலும் சிறு குஞ்சமாக முடிவதைக் காணலாம். மூலைக் குஞ்சம் வேறு, முனை நெடுகத் தொங்கும் பாவுக் குஞ்சம் வேறு என்பதில் குழப்பம் வேண்டாம். பாவை அறுத்து வரிசையாக முடிச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் மிதித்தறியில் நெய்த நகல். விதிவிலக்கு இரண்டு உண்டு: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன்டவுன் என்ற ஆலை நூலால் நெய்த பழைய விரிப்புகளில் தனியாகக் குஞ்சம் சேர்த்திருப்பார்கள், கேலப் நகரப் பக்கம் விற்கும் சிறிய, விலை குறைந்த விரிப்புகளில் பருத்திப் பாவும் ஒரு முனையில் குஞ்சமும் இருக்கும்.

நகல் நெய்பவர்களுக்கும் இந்தச் சங்கதி தெரியும். குஞ்சத்தைக் காட்டினால் பிடிபடுவோம் என்று, அறுத்த பாவு முனைகளை ஊசியால் திரும்ப விரிப்புக்குள்ளேயே செருகி மறைப்பதுண்டு. அப்போது முனையில் ஓர் அங்குலம் இரண்டு அங்குல அளவுக்குத் துணி தடித்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து, முனையிலிருந்து நடுவை நோக்கி நகர்த்தினால் தடிமன் மாறுவது தெரியும். மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில், குறிப்பாக டியோடிட்லான் டெல் வாயே என்ற ஊரில், சபோடெக் மக்கள் நெய்யும் விரிப்புகளில் இன்னோர் அடையாளம் உண்டு: பக்க ஓரங்களில் இரண்டு மூன்று பாவு இழைகளை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள், தொட்டால் மேடுபோல உணரலாம். அந்த ஊர் நெசவும் சிறந்த கைநெசவே. அதை அதன் பெயரில், அதன் விலையில் வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை.

அடுத்து, விரிப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒரே நிறமாக உள்ள பகுதிகளில் சாய்வான மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அகலமான விரிப்பை நெய்பவர் ஒவ்வொரு வரிசைக்கும் இடமும் வலமும் நகர்ந்துகொண்டிருக்க முடியாது என்பதால், உட்கார்ந்த இடத்தில் கை எட்டும் பகுதியைச் சிறிது உயரம் நெய்துவிட்டு, பிறகு பக்கத்துப் பகுதிக்கு நகர்கிறார்; இரண்டு பகுதிகளும் சந்திக்கும் சரிவே அந்தக் கோடு. இதற்குச் ‘சோம்பேறிக் கோடு’ என்று யாரோ ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். தரையில் அமர்ந்து மாதக்கணக்கில் நெய்பவருக்கு இதைவிட அநியாயமான பட்டம் இருக்க முடியாது. எல்லா விரிப்புகளிலும் இது இருக்காது, இருந்தால் நல்ல சான்று.

நாற்புறமும் கரை போட்ட சில விரிப்புகளில், உள்நிறத்து நூல் ஒன்று கரையைக் குறுக்கே கடந்து, ஒரு மூலையருகே வெளி ஓரம் வரை செல்வதைக் காணலாம். நெய்தவரின் மனமும் உயிர்ப்பும் கரைக்குள் அடைபட்டுவிடாமல் வெளியேற வழிவிடும் கோடு அது. பிழை என்று நினைத்து விலை குறைக்கக் கேட்டுவிடாதீர்கள். அதே சமயம், இந்தக் கோட்டை யார் வேண்டுமானாலும் நெய்துவிடலாம் என்பதால், இதை மட்டும் நம்பி அசல் என்று முடிவு கட்டவும் கூடாது.

தரத்தை அறிய, விரிப்பைச் சமதரையில் விரித்து, நான்கு மூலைகளும் படிகின்றனவா என்று பாருங்கள். அகலம் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சிறிதளவு மாறுவது கைநெசவில் இயல்பு. நடுவில் அலைபோல எழுந்து நிற்பது பாவின் இழுவிசை சீராக இல்லாததன் அடையாளம். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை ஊடை இழைகள் என்று எண்ணிப் பாருங்கள். தரை விரிப்புகளில் முப்பது முதல் ஐம்பது வரை இருப்பது வழக்கம். எண்பதைத் தாண்டினால் அதைச் சுவரில் மாட்டும் சித்திரநெசவாகக் கணக்கில் கொள்கிறார்கள். டெய்சி டாகல்சீ என்ற புகழ்பெற்ற நெசவாளர் அங்குலத்துக்கு நூறு இழைகளுக்கு மேல் நெய்தவர். கடைசியாக, விற்பவரிடம் அனுமதி கேட்டு, ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியைச் சிவப்புப் பகுதியின்மீது அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால், சென்னையின் ஈரக்காற்றில் அந்தச் சிவப்பு வெள்ளைக்குள் கசியும்.

பெயர்களும் பாணிகளும்

1864இல் அமெரிக்கப் படை டினே மக்களை அவர்கள் நிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே கொண்டுபோய் பாஸ்கே ரெடோண்டோ முகாமில் அடைத்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகே அவர்கள் ஊர் திரும்பினார்கள். அதன் பின்னர் நெசவை வாங்கி வெளியூர்களுக்கு விற்கும் வணிகச் சாவடிகள் வந்தன, 1880களில் ரயில் வந்தது. உடுத்தும் போர்வையாக இருந்த நெசவு, கிழக்கு நகரங்களின் வீடுகளுக்கான தரை விரிப்பாக மாறியது இந்தக் காலத்தில்தான். சாவடிக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் ரசனைக்கேற்ற நிறங்களைக் கேட்க, சாவடியின் பெயரே பாணியின் பெயராக நிலைத்தது.

அரிசோனாவின் கனாடோவில் 1878இல் ஹப்பெல் என்ற வணிகர் வாங்கிய சாவடியிலிருந்து வந்தது, அடர்சிவப்புத் தளத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் சேர்ந்த கனாடோ பாணி. டூ கிரே ஹில்ஸ் பாணியில் சாயத்துக்கு இடமே குறைவு: ஆட்டின் இயற்கை நிறங்களான வெள்ளை, பழுப்பு, கறுப்பு ஆகியவற்றைச் சீவும்போதே கலந்து சாம்பலும் வெளிர்பழுப்புமாக நூற்கிறார்கள். என் கண்ணுக்கு இதைவிட நிறைவான பாணி இல்லை. அரக்கும் மாம்பழ நிறமும் பார்த்துப் பழகிய நம் வீடுகளில் இது முதலில் மங்கலாகத் தோன்றலாம், ஒரு மாதம் சுவரில் இருக்கட்டும், பிறகு சொல்லுங்கள். வைடு ரூயின்ஸ் பாணியில் செடி, பட்டை, வேர்ச் சாயங்களும், கரையில்லாத கிடைப் பட்டைகளும் வரும். நம் பவானி ஜமக்காளத்தின் பட்டைகளோடு பழகியவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். டீக் நோஸ் போஸ் அகலக் கரையும் நெருக்கமான நுணுக்க வேலையும் கொண்டது. நடுவில் ஒரு பெட்டியும், அதிலிருந்து நான்கு மூலைகளுக்கும் மின்னல்போல வளைந்தோடும் கோடுகளும் இருந்தால் அது புயல் பாணி.

‘யே’ என்னும் தெய்வ உருவங்கள் வரிசையாக நிற்கும் விரிப்புகளும், மணல் ஓவியங்களை நெசவில் கொண்டுவந்தவையும் தனி வகை. மணல் ஓவியம் நோய் நீக்கும் சடங்குக்காக வரைந்து, சடங்கு முடிந்ததும் அழிக்கப்படுவது. அதை நிலையான நெசவாக்குவதை அம்மக்களில் பலர் முதலில் ஏற்கவில்லை. சடங்கு வல்லுநராகவும் நெசவாளராகவும் இருந்த ஹோஸ்டீன் க்ளாதான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் துணிந்து அதைச் செய்தார். பிள்ளையார் உருவம் போட்ட மிதியடியை நாம் வாசலில் போட மாட்டோம் அல்லவா. இவ்வகை விரிப்பை வாங்கினால் சுவரில் மட்டும் மாட்டுங்கள்.

எங்கே, எவ்வளவுக்கு, என்ன கேட்டு வாங்குவது

ஆன்டிலோப் கேன்யனையும் மான்யுமென்ட் வேலியையும் பார்க்கப் போகிறவர்கள் நவாஹோ நாட்டுக்குள்ளேயே நிற்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பீனிக்ஸிலிருந்து காரில் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கனாடோவை அடையலாம். ஹப்பெல் சாவடி இன்று அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் உள்ள வரலாற்றுத் தலம், அங்கே விற்பனையும் நடக்கிறது. நியூ மெக்சிகோவின் கிரவுன்பாயிண்டில் 1968இல் தொடங்கிய விரிப்பு ஏலத்தில் நெய்தவர்களே விரிப்போடு வந்து அமர்ந்திருப்பார்கள். கிளம்பும் முன் அந்த மாதத்து நாளையும் இடத்தையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பீனிக்ஸிலேயே ஹெர்ட் அருங்காட்சியகத்தின் கடையைப் பார்க்கலாம். ஒரு சிறு எச்சரிக்கை: கோடைகாலத்தில் நவாஹோ நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும், மற்ற அரிசோனா அப்படிச் செய்யாது. எங்கள் மகன் காரோட்டிய பயணத்தில், இது தெரியாமல் கடை மூடிய பிறகு போய் நின்றோம்.

விலையைப் பற்றி யோசிக்க ஒரு கணக்கு உதவும். 1973இல் டினே கல்லூரியின் நவாஹோ ஆய்வுத் துறையினர், ஆட்டுமயிர் கத்தரிப்பது முதல் விற்பது வரை ஒரு விரிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தபோது 345 மணி நேரம் வந்தது: கத்தரித்துக் கம்பளியைச் சீர்செய்ய 45, நூற்க 24, சாயம் தயாரித்து ஏற்ற 60, நெய்ய 215, விற்க ஒரே ஒரு மணி. மணிக்கு பத்து டாலர் என்று மிகக் குறைவாக வைத்தாலும் 3,450 டாலர் ஆகிறது. ஆலை நூலை வாங்கி நெய்தால் நேரம் குறையும், விலையும் குறையும். ஆயினும் மூன்றடிக்கு ஐந்தடி விரிப்பை யாராவது நூறு டாலருக்கு நீட்டினால், அது நவாஹோ நெசவா என்று கேட்பதைவிட, எந்த நாட்டு நெசவு என்று கேட்பதே பொருத்தம். பேரம் பேசுவது நம் ரத்தத்தில் ஊறியது என்றாலும், நெய்தவர் எதிரே அமர்ந்திருக்கும்போது இந்த 345 என்ற எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களில் கவனம் வேண்டும். ‘நவாஹோ பாணி’, ‘தென்மேற்கு வடிவமைப்பு’ என்று எழுதியிருந்தால் அது நவாஹோ நெசவு என்று விற்பவர் சொல்லவில்லை என்றே பொருள். ‘இந்தியன் கைவேலை’ என்ற சொல் நமக்கு இன்னும் வேடிக்கையானது. அங்கே அது பழங்குடியினரைக் குறிக்கலாம், நம் நாட்டையும் குறிக்கலாம். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது; தனிநபருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு. ஆகவே விற்பவரிடம் ரசீதில், நெய்தவரின் பெயர், அவரது ஊர், விரிப்பின் அளவு, கைநூற்பா ஆலை நூலா, எந்தச் சாயம் என்பவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். நேர்மையானவர் தயங்க மாட்டார். நெய்தவர் விரிப்போடு நிற்கும் படத்தையும் சேர்த்துத் தருவார். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி விலையைக் கேட்டாலும் அதே ரசீதுதான் உதவும்.

சென்னையில் பேணுவது

பாலை நிலத்தின் வறண்ட காற்றில் பிறந்த கம்பளிக்கு நம் ஐப்பசி, கார்த்திகை ஈரம் பெரும் சோதனை. கம்பளியைத் தின்பவை அந்துப்பூச்சியின் புழுக்களும் கம்பள வண்டின் புழுக்களும். இருட்டான, யாரும் தொடாத இடமே அவற்றுக்குப் பிடிக்கும். சோபாவுக்கு அடியில் நுழைந்துகிடக்கும் விரிப்பின் மூலைதான் முதலில் போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் போட்டு, இருபுறமும் பார்த்து, நிழலில் காற்றாட விடுங்கள். மொட்டைமாடி வெயிலில் போட வேண்டாம், நிறம் வெளுக்கும். தூசியைச் சுழலும் தூரிகை இல்லாத உறிஞ்சியால் எடுங்கள். ஜமக்காளத்தை உதறுவதுபோல முனையைப் பிடித்து ஓங்கி உதறினால் ஓரக் கயிறு அறுந்துபோகும்.

தண்ணீரில் நனைத்துத் துவைக்கவே கூடாது. பாவு சுருங்கும், சாயம் கசியும். காபி சிந்தினால் உடனே வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, சிறிது குளிர்ந்த நீரால் மீண்டும் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள்; தேய்க்க வேண்டாம். சுவரில் மாட்டுவதானால் ஆணியோ கவ்வியோ நேரடியாகப் பிடிக்கக் கூடாது. மேல் முனை நெடுகப் பருத்தி நாடா ஒன்றைத் தைத்து, அதில் வெல்க்ரோ பட்டை வைத்து, மறு பட்டையை மரச்சட்டத்தில் அடித்து மாட்டினால் எடை சமமாகப் பரவும். ஓதம் ஏறும் வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

எடுத்து வைப்பதானால் மடிக்காமல், உருளையில் சுற்றி, துவைத்த காடாத்துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், ஆனால் அவற்றை மட்டும் நம்பிப் பார்வையிடுவதை நிறுத்த வேண்டாம். புழு கண்ணில் பட்டுவிட்டால், சிறிய விரிப்பைப் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 பாகைக்குக் கீழே குளிரும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் கட்டைப் பிரிக்காமல் அறையின் சூட்டுக்கு வரவிட்டு, அதன் பிறகே திறந்து சுத்தம் செய்யுங்கள். அறுந்த ஊடை நூல் நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரிக்காதீர்கள். அதே நூலை வைத்துத்தான் திருத்துபவர் அந்த இடத்தை மீண்டும் நெய்ய முடியும்.